பின்னால் வருகிற பாரம்

"அண்ணை, உங்கட கார் எவ்வளவு இழுக்கும்?"

சிட்னியின் மேற்குப் புறநகர்களில் எங்கள் ஆட்கள் கூடுகிற இடத்தில் ட்ரெயிலரைப் பற்றிக் கதை வந்தால் முதலில் வந்து விழுவது இந்தக் கேள்விதான். கார் வாங்கப் போகிறவரும் இதைத்தான் கேட்கிறார். விற்கிறவரும் இதற்குத்தான் பதில் வைத்திருக்கிறார். இழுப்பது பெரிய காரியம் இல்லை. சமதரையில் சின்னக் கார்கூடத் தன் எடையளவு பாரத்தை மெல்ல அசைத்துவிடும். அசைந்ததை நிறுத்துவது, இறக்கத்தில் பிடித்து வைத்திருப்பது, பக்கக் காற்றில் கோடு மாறாமல் கொண்டுபோவது, இவைதான் காரியம். காரோடு வரும் கையேட்டைத் திறந்தால் இரண்டு எடைகள் போட்டிருக்கும். பிரேக் உள்ள ட்ரெயிலருக்கு ஒன்று, பிரேக் இல்லாததற்கு ஒன்று. முதல் எண் 1000 கிலோவைத் தாண்டும் காரிலும் இரண்டாவது எண் பாதியளவில் நின்றுவிடுவதுண்டு. எஞ்சின் ஒன்றுதான், பலம் ஒன்றுதான். வித்தியாசம் முழுவதும் நிற்பதைப் பற்றியது.

எங்கள் ட்ரெயிலர் ஆறுக்கு நாலு. ஆறடி நீளம், நாலடி அகலம், ஓரடி உயரத்தில் பக்கத் தகடு, ஒற்றை அச்சு, இரண்டு சில்லு. அவுஸ்திரேலியாவில் எத்தனையோ வீடுகளின் பின்வளவில் நிற்கிற வகை இதுதான். பதிவு என் பெயரில் இருந்தாலும் "எங்கள்" என்றுதான் சொல்ல வருகிறது. துங்காபியிலும் பெண்டில் ஹில்லிலும் வெண்ட்வேர்த்வில்லிலும் புதிதாக வந்து இறங்கிய குடும்பங்களுக்குக் கட்டிலும் மெத்தையும் பழைய குளிர்சாதனப் பெட்டியும் கொண்டுபோய்க் கொடுத்தது அது. தமிழ்ப் பள்ளிக்கூடத்துக் கலைவிழாவுக்கு மேடைத் தட்டிகள் அதில்தான் போகும். கோயில் திருவிழாவுக்கு அண்டாவும் கிடாரமும் அரிசி மூட்டையும் அதில்தான். கேட்டவருக்கு இல்லை என்று சொல்வதில்லை. ஆனால் வெறும் திறப்பைக் கையில் கொடுத்து அனுப்புவதும் இல்லை. பத்து நிமிடம் நின்று கதைத்துவிட்டுத்தான் விடுவேன். அது சிலருக்கு எரிச்சலாக இருப்பது தெரியும். இருக்கட்டும்.

இந்த நாட்டுச் சட்டப்படி பாரத்தோடு சேர்த்து 750 கிலோ வரைக்கும் ட்ரெயிலருக்குச் சொந்தமாகப் பிரேக் தேவையில்லை. அதற்கு மேல் 2000 கிலோ வரை ஓர் அச்சுக்காவது பிரேக் வேண்டும். 2000 தாண்டினால் எல்லாச் சில்லுக்கும் வேண்டும். காரிலிருந்து அறுந்து போனால் தானாகவே பிரேக் பிடிக்கிற ஏற்பாடும் வேண்டும். எங்களுடையது 750 வகை. வெற்று எடை 200 கிலோவுக்குச் சற்று மேல். ஆக ஏற்றக்கூடியது 500 கிலோவை ஒட்டி வரும். அந்த 750 கிலோவையும் நிறுத்துகிற வேலை முழுக்க முழுக்க முன்னால் போகிற காரின் பிரேக்குக்கு உரியது.

மண் ஏற்றப் போகிறவர்களிடம் இதை அழுத்திச் சொல்வேன். அந்தப் பெட்டி மட்டமாக நிரம்பினால் மூன்றில் இரண்டு பங்கு கன மீற்றர் பிடிக்கும். மரச் சீவல் என்றால் நிரப்பிக்கொண்டு வரலாம், பாதகமில்லை. ஈர மணல் ஒரு கன மீற்றர் ஒன்றரைத் தொன்னுக்கு மேல் வரும். விளிம்பு வரைக்கும் மணல் போட்டால் ஒரு தொன் தாண்டிவிடும், தாங்கக்கூடியதில் இரண்டு மடங்கு. மண் விற்கிற முற்றத்தில் இயந்திரம் ஒரே வாரலில் கொட்டிவிட்டுப் போய்விடும். எடை பார்ப்பது அதன் வேலை அல்ல. கொள்ளும் அளவு வேறு, தாங்கும் அளவு வேறு என்பதைக் கண் சொல்லாது. காரின் பின்பக்கம் தாழ்ந்து ரயர் பிதுங்கி நிற்கும்போதுதான் தெரியும். அப்போதும் ஆட்கள், "பக்கத்திலதானே, மெல்லப் போயிடுவன்" என்பார்கள்.

வருடத்துக்கு ஒருமுறை சில்லுகளைக் கழற்றிப் பெயாரிங்குகளைக் கழுவிப் புதுக் கிறீஸ் வைப்பேன். பத்தாயிரம் கிலோமீற்றர் அல்லது ஒரு வருடம், எது முந்துகிறதோ அது. ட்ரெயிலர் ஓடாமல் நின்றாலும் மழையும் ஈரமும் உள்ளே போகும். படகு இழுக்கிறவர்களுக்கு இது இன்னும் கடுமையான விடயம்: நெடுந்தூரம் ஓடிச் சூடான ஹப்பை உடனே கடலுக்குள் இறக்கினால் உள்ளே இருக்கும் காற்றுக் குளிர்ந்து சுருங்கும், அந்த இடத்துக்கு உப்புத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். இறக்குமுன் ஆற விட வேண்டும். மூடியைத் தட்டிக் கழற்றி, பின்னை நிமிர்த்தி உருவி, நட்டைத் திருகி எடுத்தால் வெளிப் பெயாரிங் கையில் விழும். கடையில் போய்ப் புதிது கேட்டால் "ஹோல்டன் பெயாரிங்கா, ஃபோர்ட் பெயாரிங்கா?" என்று கேட்பார்கள். ஃபோர்ட் இந்த நாட்டில் கார் செய்வதை 2016 ஒக்ரோபரில் நிறுத்திவிட்டது. தென் அவுஸ்திரேலியாவின் எலிசபெத்தில் இருந்த ஹோல்டன் தொழிற்சாலை 2017 ஒக்ரோபர் 20இல் மூடிவிட்டது. அந்தக் கார்களின் சில்லளவுகள் மட்டும் ட்ரெயிலர்களுக்கு அடியில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

பழைய கிறீஸைக் கழுவ மண்ணெண்ணெய்தான் நல்லது. தகரத்தில் ஊற்றிப் பெயாரிங்கை அதற்குள் போட்டு ஒரு பழைய தூரிகையால் தேய்க்கும்போது மணம் எழும். அதோடு நான் சிட்னியில் இல்லை.

1990இல் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் நின்றது. பற்றரியும் வாகன உதிரிப்பாகங்களும் தடைப்பட்ட பொருட்களின் பட்டியலில் சேர்ந்தன. ஊரில் இருந்த ஒஸ்ரின் ஏ40, ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர் எல்லாம் அப்போதே வயது போன வண்டிகள். எங்கள் குஞ்சியப்பா வாடகைக்கு ஓடிய ஏ40 அவர் பிறப்பதற்குச் சற்று முன்னரோ பின்னரோ இங்கிலாந்தில் செய்யப்பட்டது. அந்த எஞ்சின்கள் குறைந்த அழுத்தத்தில் ஓடுகிறவை. அதனால் மண்ணெண்ணெயைச் சகித்துக்கொண்டன. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. அதனால் காபரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் செய்து, சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். பெற்றோல் சின்னப் போத்தலில் மருந்து மாதிரி இருந்தது. வெள்ளைப் புகை, ஏற்றத்தில் கட கடவென்று எஞ்சின் தட்டுகிற சத்தம், ஒரு தெரு முழுக்க மணம். கலியாண வீட்டுக்கும் ஆசுபத்திரிக்கும் அந்தக் கார்கள்தான் போயின.

குஞ்சியப்பா காரை விடுகிற கராஜுக்குப் பள்ளிக்கூடம் விட்டதும் நான் போய்விடுவேன். அங்கே இருந்த மெக்கானிக் ஐயா அதிகம் கதைக்க மாட்டார். கார் வந்து நின்றதும் முதலில் ஒயில் கம்பியை உருவுவார். துணியில் துடைத்துத் திரும்ப விட்டு எடுத்து, மட்டத்தைப் பார்த்து, விரலில் தொட்டு உரசி, மூக்குக்குக் கொண்டுபோவார். எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கீழே வடிந்து ஒயிலோடு கலக்கும். கம்பியில் மட்டம் ஏறிக்கொண்டு வரும்.

"ஒயில் கூடிக் கிடக்கெண்டு சந்தோசப்படாதே தம்பி. கூடினது ஒயில் இல்லை" என்று ஒருநாள் சொன்னார்.

மட்டம் குறைந்தால் ஊற்றிச் சமாளிக்கலாம். கூடினால் எஞ்சினுக்குள் நீர்த்துப்போன எண்ணெய் ஓடுகிறது, தேய்வு தொடங்கிவிட்டது என்று பொருள். இன்றைக்கும் கம்பியை உருவினால் மட்டத்தை மட்டும் பார்த்துவிட்டு வைக்க எனக்கு வராது. பால் கலந்த நிறம் என்றால் குளிர்விக்கும் தண்ணீர் உள்ளே போகிறது. பெற்றோல் மணம் என்றால் சரியாக எரியவில்லை. கருமை மட்டும் என்றால் பயப்பட ஒன்றுமில்லை, அது தன் வேலையைச் செய்திருக்கிறது.

மொறிஸ் மைனர் ஒன்று அங்கே அடிக்கடி வரும், ஓர் ஆசிரியருடையது. அந்தக் காரின் முன்சில்லுகள் ட்ரனியன் என்கிற மரைபோட்ட இணைப்பில் திரும்புகிறவை. ஆயிரம் மைலுக்கு ஒருமுறை அதற்குக் கிறீஸ் அடிக்க வேண்டும். அடிக்காவிட்டால் மரை தேய்ந்து, ஒருநாள் திரும்பும்போது சில்லு மட்காட்டுக்குள் மடிந்துவிடும். புது ட்ரனியன் எங்கேயும் வாங்க முடியாத காலம். கிறீஸ் கிடைப்பதே அருமை. ஆசிரியர் எங்கிருந்தோ ஒரு தகரப்பேணியில் கொஞ்சம் கொண்டுவருவார், ஐயா அதை வீணாக்காமல் கிறீஸ் துப்பாக்கிக்குள் அடைத்து, கார் நின்ற இடத்திலேயே குனிந்து படுத்து ஏற்றுவார். பராமரிப்பு என்பதை வசதி உள்ளவர்களின் ஒழுங்கு என்று இங்கே பலர் நினைக்கிறார்கள். நான் அதைக் கண்டது மாற்று இல்லாதவர்களிடம்.

பெயாரிங்குக்குப் புதுக் கிறீஸ் வைப்பதும் அந்தக் கராஜில் பார்த்ததுதான். உள்ளங்கையில் ஒரு குவியல் கிறீஸ் எடுத்து, பெயாரிங்கின் அகன்ற பக்கத்தை அதற்குள் அழுத்தி அழுத்தி இழுக்க வேண்டும், உருளைகளின் மறுபக்கத்தால் அது புழு மாதிரி வெளிவரும் வரைக்கும். வெளியில் பூசினால் போதாது. பிறகு ஹப்பைக் கையால் சுழற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, திரும்பத் தளர்த்தி, விரலால் இறுக்குகிற அளவில் விட்டு, புதுப் பின் போட வேண்டும். பழைய பின்னை நிமிர்த்தித் திரும்பப் போடக் கூடாது. வளைந்த கம்பி இன்னொரு வளைவில் முறியும்.

இழுக்கிற காருக்கும் அதே கவனம் வேண்டும், இன்னும் கூட. கையேட்டில் சாதாரண ஓட்டத்துக்கு ஒரு சேர்விஸ் இடைவெளியும் கடுமையான ஓட்டத்துக்கு இன்னொன்றும் போட்டிருப்பார்கள். ட்ரெயிலர் இழுப்பது இரண்டாவது கணக்கில் சேரும். ஒயிலை முந்தி மாற்ற வேண்டும். தானியங்கிக் கியர்ப்பெட்டியின் எண்ணெயைப் பலர் வாழ்நாளில் பார்ப்பதே இல்லை. பாரம் இழுக்கும்போது மிகவும் சூடாவது அதுதான். சூடு கண்ட எண்ணெய் கருகின மணம் அடிக்கும். அடிக்கடி இழுக்கிறவர் அதற்குத் தனியாக ஒரு குளிர்விப்பான் போட்டுக்கொள்வது செலவில்லை, சேமிப்பு.

பிரேக் எண்ணெயைப் பற்றி இங்கே யாரும் கவலைப்படுவதாகத் தெரியவில்லை. கேட்டால் "பாட் புதிசு போட்டிருக்கு" என்பார்கள். பாட் புதிதாக இருக்கட்டும். அந்த எண்ணெய் காற்றில் இருக்கும் ஈரத்தை மெல்ல மெல்லக் குடிக்கிற சாமான். டொட் 4 என்ற வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அந்த எல்லை 155 பாகைக்கு இறங்கிவிடலாம். நகரத்துக்குள் நின்று நின்று ஓடும்போது வித்தியாசம் தெரியாது. நீண்ட இறக்கத்தில், பின்னால் அரைத் தொன் தள்ளிக்கொண்டு வரும்போது, பிரேக் சூடேறி எண்ணெய் கொதித்து ஆவியானால் பெடல் காலுக்குக் கீழே போய்விடும். ஆவி அமுங்கும், எண்ணெய் அமுங்காது. அவ்வளவுதான் விடயம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அதை மாற்றுவதற்கு ஆகும் காசு ஒரு ரயரின் விலைகூட வராது.

ஹெலன்ஸ்பேர்க் வெங்கடேசுவரர் கோயிலுக்குப் போகிறவர்களுக்கு அந்தத் தெற்கு நெடுஞ்சாலை தெரியும். சிட்னியிலிருந்து தெற்கே, காட்டை ஒட்டிய மேட்டு நிலத்தில் இருக்கிறது கோயில். 1985இல் குடமுழுக்கு நடந்தது. கோயிலோடு திரும்பிவிடுகிறவர்களுக்கு ஒரு சிரமமும் இல்லை. இன்னும் தெற்கே வூலங்கொங்குக்குப் போகிறவர்கள் மவுண்ட் ஊஸ்லி இறக்கத்தில் மேட்டு நிலத்திலிருந்து கடல் மட்டத்துக்கு இறங்க வேண்டும். லொறிகள் குறைந்த கியரில் ஊர்ந்து போகும். அந்தச் சரிவில் காரின் பிரேக்கைத் தொடர்ந்து மிதித்துக்கொண்டு இறங்குகிறவர்கள் உண்டு. ஓரத்தில் நின்றால் கருகல் மணம் வரும். உச்சியிலேயே, இறங்கத் தொடங்க முன்பே, வேகத்தைக் குறைத்துக் கீழ்க் கியருக்கு மாற்றிவிட வேண்டும். தானியங்கிக் காரிலும் அதற்கு வழி இருக்கிறது. எஞ்சின் பிடித்துக்கொள்ளும். பிரேக்கை இடைக்கிடை அழுத்தி விட்டு, ஆற விட்டு, திரும்ப அழுத்த வேண்டும். நடுச் சரிவில் ஞாபகம் வந்து கியரைத் தேடுகிறவருக்கு இடம் போதாது.

இறக்கத்தில் பாரம் முன்னால் போகிறதைத் தள்ளும் என்பதை நான் முதலில் கண்டது வன்னியில் ஒரு குளக்கட்டில். இரண்டு சில்லு உழவு இயந்திரம், எல்லாரும் லாண்ட்மாஸ்ரர் என்பார்கள், அதன் பின்னால் பூட்டிய பெட்டியில் நெல் மூட்டை. அந்த இயந்திரத்தைத் திருப்புவதற்குக் கைப்பிடிகளின் கீழே இரண்டு கிளட்ச் உண்டு. இடதை அழுத்தினால் இடது சில்லுக்கு எஞ்சின் பலம் அறும், வலது சில்லு தள்ள, வண்டி இடப்பக்கம் திரும்பும். சமதரையில் அப்படி. இறக்கத்தில் பெட்டி தள்ளும்போது, இடதை அழுத்தினால் இடது சில்லு கட்டறுந்து தடையில்லாமல் ஓடும், வலது சில்லை எஞ்சின் பிடித்துக்கொண்டிருக்கும், வண்டி வலப்பக்கம் திரும்பும். பழகாதவன் குளத்துக்குள் போய்விடுவான். கட்டிலிருந்து இறங்க முன் அந்த ஓட்டுநர் இயந்திரத்தை நிறுத்தி, கீழ்க் கியரைப் போட்டு, கிளட்சிலிருந்து இரண்டு கையையும் விலக்கிப் பிடியை உடம்பால் திருப்பிக்கொண்டு இறக்கினார். கைப்பிடிக்கு எதிரே சாய்ந்த அந்த உடம்பு இன்னும் கண்ணில் நிற்கிறது. ஏற்றத்தில் நீ பாரத்தை இழுக்கிறாய், இறக்கத்தில் பாரம் உன்னை ஓட்டப் பார்க்கிறது. அந்தக் கணத்தில் பழகின கை பழகினபடி செய்தால் பிழையாகிவிடும்.

மாட்டு வண்டிக்காரர்களிடம் முன்பாரம், பின்பாரம் என்று ஒரு கணக்கு இருந்தது. அச்சுக்கு முன்னால் பாரம் மிஞ்சினால் மாட்டின் கழுத்து அமுங்கும். பின்னால் மிஞ்சினால் துலா மேலே கிளம்பி நுகத்தடி கழுத்தைவிட்டு எழும்பும். கொஞ்சம் முன்பாரமாக, மாடு தாங்கக்கூடிய அளவில் வைப்பதுதான் பதம். இங்கே எழுதி வைத்திருக்கும் விதியும் அதுவேதான். ட்ரெயிலரின் மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் காரின் பின்னால் இருக்கும் இரும்புப் பந்தில் அமர வேண்டும். 600 கிலோ என்றால் 60 கிலோ. காரும் இழுசட்டமும் அனுமதிக்கிற அளவை அது தாண்டவும் கூடாது. தாண்டினால் காரின் பின்பக்கம் அமுங்கி முன்சில்லுகளில் பிடி குறையும், ஸ்டியரிங் இலேசாகிவிடும். ஆறுக்கு நாலில் இதை அளக்கக் குளியலறைத் தராசு போதும்: சமதரையில் நிறுத்தி, மூக்குக்குக் கீழே ஒரு மரக்கட்டையைத் தராசின் மேல் நிறுத்தி, அதில் இறக்கிப் பார்க்கலாம்.

1995 ஒக்ரோபர் 30. வலிகாமம் முழுக்க ஒரே இரவில் பெயர்ந்து செம்மணி வெளியால் தென்மராட்சியை நோக்கி நகர்ந்தது. மழை. சைக்கிள்களும் வண்டில்களும் நடந்துபோகிறவர்களுமாகத் தெரு அடைத்துக்கொண்டு கிடந்தது. நாங்கள் ஏறியது அயல் வீட்டு உழவு இயந்திரத்தின் பெட்டியில். ஏற்றும்போது எல்லாரும் கைக்கு வந்ததைக் கைக்கு வந்த இடத்தில் போட்டார்கள். தண்ணீர் இறைக்கிற எஞ்சினும் அரிசி மூட்டையும் தையல் மெசினும் பின் கதவோடு, பாயும் தலையணையும் முன்னுக்கு. ஓட்டுகிறவர் ஏறி உட்கார்ந்து கொஞ்சம் எடுத்துப் பார்த்தார். திரும்ப இறங்கினார்.

"பின்பாரமாக் கிடக்கு. பாலத்து ஏத்தத்தில மூக்கைத் தூக்கும். மெசினை முன்னுக்குத் தள்ளுங்கோ."

சுற்றிவரச் சனம் கத்தியது. ஒருவர் அவருடைய சட்டையைப் பிடித்துக்கூட இழுத்தார். ஷெல் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் அசையவில்லை. பின்னால் இருந்த பாரம் எல்லாவற்றையும் இறக்கி, முன்னுக்குக் கொண்டுவந்து, கயிற்றால் கட்டி, இழுத்துப் பார்த்த பிறகே ஏறினார். நாவற்குழிப் பாலத்தை எந்தச் சிக்கலும் இல்லாமல் கடந்தோம். அந்த இரவில் அவர் செலவழித்த நேரத்தை யாரும் பிறகு குறை சொன்னதில்லை, பாராட்டியதும் இல்லை. எங்கள் பெட்டியில் வயது போனவர்களும் கைக்குழந்தைகளும் இருந்தார்கள். இன்றைக்கு ஒருவர், "அவசரம் அண்ணை, கட்டுறதைப் போற வழியில பார்ப்பம்" என்று சொல்லும்போது நான் விடாததற்கு இதுதான் காரணம். அவரிடம் இந்தக் கதையைச் சொல்வதில்லை. கயிற்றை எடுத்துக் கொடுத்துவிடுவேன்.

வேகம் கூடினால் பின்பாரம் வேறு விதமாகக் கொல்லும். மெல்பேர்ணுக்குப் போகிற ஹியூம் நெடுஞ்சாலையில், மருலானுக்குச் சற்று முன், எனக்கு முன்னால் ஒரு கரவான் போய்க்கொண்டிருந்தது. பெரிய லொறி ஒன்று அதை முந்தியது. லொறியின் மூக்குத் தள்ளும் காற்று முதலில் கரவானை ஓரத்துக்குத் தள்ளும், லொறி கடந்து போகும்போது உள்ளுக்கு இழுக்கும். அந்த ஒரு தட்டில் கரவான் வாலை ஆட்டத் தொடங்கியது. இடது, வலது, ஒவ்வொரு ஆட்டமும் முந்தினதைவிடப் பெரிது. காரின் பின்பக்கத்தையும் சேர்த்து ஆட்டியது. நான் விலகிப் பின்னுக்கு வந்துவிட்டேன். ஓட்டுநர் ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தபடி பெடலிலிருந்து காலை எடுத்தார். கரவானின் பிரேக் விளக்குக்கு முன்பே அதன் வேகம் குறைவது தெரிந்தது. ஆட்டம் சிறுத்து அடங்கியது. அடுத்த ஓய்விடத்தில் அவர் நிறுத்தியபோது நானும் நிறுத்தினேன். எழுபது கடந்த மனிதர், கை நடுங்கிக்கொண்டிருந்தது. காரின் பிரேக்கைத் தொடவே இல்லை, கரவானின் மின் பிரேக்கை மட்டும் இயக்குகிற பொத்தானைக் கையால் அழுத்தினேன் என்றார். கரவானின் பின் பம்பரில் இரண்டு சைக்கிளும் ஒரு கருவிப் பெட்டியும் புதிதாகத் தொங்கின.

அவர் செய்தது சரி. அந்த நேரத்தில் கார்ப் பிரேக்கை மிதித்தால் முன்னால் போகிறது தயங்கும், பின்னால் வருவது தயங்காது, இரண்டும் மடிந்துவிடும். எதிர்ப்பக்கம் எதிர்ப்பக்கமாக ஸ்டியரிங்கைத் திருப்பினால் ஆட்டத்துக்குத் தாளம் போட்டுக் கொடுப்பதாகிவிடும். முடுக்கி இழுத்தால் நேராகும் என்று ஒரு நம்பிக்கை எங்கள் ஆட்களிடமும் இருக்கிறது. தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள். ஆட்டம் குறிப்பிட்ட ஒரு வேகத்துக்குக் கீழே தானாக அடங்கும், மேலே தானாக வளரும். வேகம் கூட்டுவது வளர்கிற பக்கம் போவது. அந்த எல்லை எங்கே என்பதைப் பாரம் இருக்கும் இடம் தீர்மானிக்கிறது. பின்பாரம் ஏற ஏற எல்லை கீழே இறங்கி வரும். 80 கிலோமீற்றர் வேகத்தில் ஓடுகிறதை 100க்குக் கொண்டுபோனால் நிறுத்த வேண்டிய சக்தி ஒன்றரை மடங்குக்கு மேல் கூடுகிறது. சாலைப் பலகையில் 110 என்று போட்டிருப்பது அனுமதி மட்டுமே. பாரத்தோடு நான் 90ஐ ஒட்டித்தான் போவேன். பின்னால் வருகிறவர்கள் முந்திப் போகட்டும்.

பூட்டுவதில் ஒரே ஒரு சோதனையை மட்டும் யாரையும் தவற விட மாட்டேன். பந்தின் மேல் கப்ளிங்கை இறக்கிக் கொக்கியை அடைத்த பிறகு, ட்ரெயிலரின் முன் சின்னச் சில்லைச் சுழற்றி மூக்கை மேலே தூக்க வேண்டும். காரின் பின்பக்கமும் சேர்ந்து எழும்பினால் பூட்டு விழுந்திருக்கிறது. மூக்கு மட்டும் எழும்பினால் பந்தின் மேல் சும்மா உட்கார்ந்திருக்கிறது, முதல் பள்ளத்தில் கழன்றுவிடும். பிறகு சின்னச் சில்லைத் தூக்கிவிட வேண்டும். சங்கிலி, மூக்கு கழன்றாலும் தரையில் குத்தாத நீளத்தில், அளவு குறித்த வளையத்தால் பூட்டியிருக்க வேண்டும். இரண்டு சங்கிலி உள்ள வண்டி என்றால் கீழே குறுக்காகப் போட்டால் விழுகிற மூக்கை அவை ஏந்திக்கொள்ளும். விளக்குகளுக்கு ஒரு ஆள் பின்னால் நின்று பார்க்க வேண்டும். ஐம்பது கிலோமீற்றர் போனதும் நிறுத்தி, சில்லு நட்டுகளை ஒருமுறை இறுக்கிப் பார்த்து, ஹப்பின் மேல் புறங்கையை வைத்துப் பார்ப்பேன். இளஞ்சூடு சரி. ஒரு பக்கம் மட்டும் கை வைக்க முடியாமல் சுட்டால் அந்தப் பெயாரிங் போகப் போகிறது. ஏ40 சவாரி முடிந்து வந்தவுடன் மெக்கானிக் ஐயா நாலு சில்லுக்கும் புறங்கை வைத்துக்கொண்டு சுற்றி வருவார், ஒரு சொல்லும் பேசாமல். அவரிடம் வேறு கருவி இருக்கவில்லை.

போன மாதம் என் பெறாமகள் வந்தாள். முழு உரிமம் கிடைத்துவிட்டது, வீடு மாறப் போகிறாள், ட்ரெயிலர் வேண்டும். இந்த மாநிலத்தில் பழகுநர் உரிமத்தோடு ட்ரெயிலர் இழுக்கவே முடியாது. சிவப்புப் பி தட்டுக் காலத்தில் வெற்று எடை 250 கிலோவைத் தாண்டக் கூடாது. அவள் இதுவரை தொட்டதே இல்லை. ஞாயிறு காலையில் ஆளில்லாத ஒரு வாகனத் தரிப்பிடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். முன்னோக்கி ஓட்டுவதை விரைவில் பிடித்துக்கொண்டாள்: வளைவை அகலமாக எடு, ட்ரெயிலர் உள் ஓரத்தை வெட்டிக்கொண்டு வரும். பின்னோக்கி எடுக்கும்போதுதான் ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள்.

"பெரியப்பா, நான் ஒரு பக்கம் திருப்ப அது மற்றப் பக்கம் போகுது."

"ஸ்டியரிங்கின்ர அடியில ஒரு கையை வை. ட்ரெயிலர் எந்தப் பக்கம் போக வேணுமோ அந்தப் பக்கம் கையைக் கொண்டு போ. கொஞ்சமாக் கொண்டு போ."

கொஞ்சம் என்பதுதான் கடினம். சின்ன ட்ரெயிலர் பெரியதைவிட வெடுக்கென்று மடியும். நீளமான கரவான் நிதானமாகத் திரும்பும். மடியத் தொடங்கினால் பிடிவாதம் பிடிக்காமல் முன்னுக்கு எடுத்து நேராக்கிவிட்டுத் திரும்பத் தொடங்க வேண்டும். அதில் ஒரு வெட்கமும் இல்லை. வெயில் ஏறும் நேரத்தில் இரண்டு வெள்ளைக் கோட்டுக்கு நடுவே அவள் அதைக் கொண்டுவந்து நிறுத்தினாள். வீடு மாறுகிற அன்று கழுவுகிற மெசினை எங்கே வைப்பது என்று தொலைபேசியில் கேட்டாள். அச்சுக்குச் சற்று முன்னால், நிமிர்த்தி, இரண்டு பக்கமும் பட்டி போட்டு என்றேன்.

அவளுக்குக் கொடுக்க முன் ரயர்களைப் பார்த்தேன். ட்ரெயிலர் ரயர் தேய்ந்து சாவது அபூர்வம். வெயிலிலும் நின்ற நிலையிலும் கிழடாகிச் சாகும். பூ நன்றாக இருக்கும், பக்கச் சுவரில் மெல்லிய வெடிப்பு ஓடியிருக்கும். பக்கத்தில் நாலு இலக்கம் அச்சிட்டிருக்கும், முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் வருடம். 2316 என்றால் 2016இன் இருபத்துமூன்றாவது வாரம். எங்களுடைய இரண்டிலும் அப்படித்தான் இருந்தது, வெடிப்பும் தொடங்கியிருந்தது. அவளுடைய வேலை பக்கத்துப் புறநகருக்குள், மெத்தையும் துணியும் அந்த ஒரு மெசினும், 60 கிலோமீற்றர் வேகத்துக்குள். காற்றைக் குளிர்ந்த நிலையில் அளந்து சரியாக்கி அனுப்பினேன். தைப்பொங்கலுக்குத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துச் சாமான்கள் நெடுஞ்சாலையால் போக இருக்கின்றன. அதற்கு முன் இரண்டையும் மாற்ற வேண்டும், பாரத்துக்கு ஏற்ற வகை பார்த்து. மேலதிகச் சில்லில் இருக்கும் ரயர் ஒருநாளும் தரையைத் தொட்டதில்லை, புதுசு மாதிரித்தான் இருக்கிறது. அதுவும் அதே வாரத்தில் பிறந்தது. அதையும் சேர்த்து மூன்றாக வாங்குவேன்.